சத்தமில்லாத சிவப்பு வாணம்

1. தூத்துக்குடியிலிருந்து துறைமுகக் காவல் அதிகாரி ஜீப்பில் வந்தார்.
2. பொழுது சாயும் நேரத்தில், அவருக்காகச் செய்த வாணங்களில் ஒன்றை விட்டுக் காட்டினோம்.
3. அது உயரே போய்ச் சிவப்பாக எரிந்தது. முடியும்போது வெடித்தது.
4. அதிகாரி தரையில் படுத்துவிட்டார்.
5. ஏன் படுத்தார் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்த வாணத்தின் காகிதக் குழாய் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஒரு பக்கம் கருகிப்போன அதில் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பென்சில் எடுக்கும்போதும் எங்கள் போர்மேன் அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வருகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. வேதியியல் படித்துவிட்டு, சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் நான் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகவில்லை. எல்லைச் சண்டைப் பேச்சு ஓயாத காலம். அடையாளம் தெரியாத படகு எதுவும் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடாதபடி காவல் படகுகள் கடலில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆபத்து வந்தால் கரைக்குத் தெரிவிக்க அவற்றுக்குச் சிவப்பு வாணம் வேண்டும். அந்த ஆர்டர் எங்களுக்கு வந்திருந்தது. கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் சோதிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். நிறம், உயரம், எரியும் நேரம், ஈரம் தாங்குதல் என்று பதினொரு இனங்கள். எல்லாவற்றிலும் வாணம் தேறியது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஆமத்தூரில் என் அம்மா ஆசிரியை என்பதால் போர்மேன் என்னை 'டீச்சர் மக' என்றுதான் கூப்பிடுவார். அவர் கையால் செய்த எந்த வாணமும் வெடிக்காமல் அணைந்ததில்லை. பேசாமல் அணையும் வாணம் அவருக்குச் சாப்பிடாமல் திரும்பிப் போகும் விருந்தாளி மாதிரி.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த அதிகாரியிடம் அவர் பெருமையாகவே சொன்னார்: "சத்தமில்லாமப் பொசுக்குனு போனா நல்லாவா இருக்கும்? அதான் ஒரு சின்ன வெடி, நம்ம கணக்குல வச்சிருக்கேன்."

அதிகாரி கோபப்படவில்லை. "அண்ணாச்சி, சிவப்பு தெரிஞ்சா உதவிக்கு வான்னு அர்த்தம். வெடி கேட்டா, கரையில காவல் நிக்கிறவன் யாரோ சுடுறான்னு நெனச்சுத் திருப்பிச் சுடுவான். படகுல இருக்கிறது எங்க பயலுகதான்."

போர்மேன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அடைத்து வைத்திருந்த அத்தனை பெட்டியிலும் அந்த வெடி இருந்தது.

நான் பட்டியலை நீட்டினேன். சோதனையின்போது ஒவ்வொரு வாணமும் வெடித்ததை நானும் கேட்டவள்தான். எங்கள் ஊரில் வெடிச் சத்தம் குறித்து வைக்க வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவேயில்லை. தவறு அவருடையது மட்டுமல்ல, கையெழுத்து என்னுடையது என்றேன். அதிகாரி பட்டியலை முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தார். ஒரு வாரம் கழித்து வருவதாகவும், அப்போதும் வெடித்தால் ஆர்டரை வேறிடத்துக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய பெட்டிகளை முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து அழித்தோம். அந்த வாரம் முழுக்க வெடிமருந்து அறைப் பக்கமே போர்மேன் போகவில்லை; போனால் கை சும்மா இருக்காது என்றார். அதிகாரி வந்தார். வாணம் ஏறியது, சிவப்பாக எரிந்தது, சத்தமில்லாமல் அணைந்தது. அதிகாரி இந்த முறை நின்றபடியே பார்த்தார்.

"எளவு வீடு மாதிரி இருக்கே, டீச்சர் மக" என்று போர்மேன் என் பக்கம் குனிந்து முணுமுணுத்தார்.

"இதுதான் எங்களுக்கு வேணும்" என்றார் அதிகாரி. ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் போர்மேன் வெளியே போய், ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த ஒரே ஒரு வெடியைக் கொளுத்திவிட்டு வந்தார்.

மறு ஆண்டு அதிகாரியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. யாருடையதென்று தெரியாத படகு ஒன்றைத் துரத்திப் போன காவல் படகின் எஞ்சின் நடுவில் நின்றுவிட்டதாம். சிவப்பு வாணம் விட்டார்கள். கரையிலிருந்து ஆள் போய் இழுத்து வந்தார்கள். யாரும் சுடவில்லை. அதைப் போர்மேனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அவர் இப்போது இருக்கன்குடியில் மகள் வீட்டோடு இருக்கிறார். இந்த ஆண்டு ஆர்டரும் வந்துவிட்டது. குழாயிலிருந்து பென்சில் எடுத்து இன்று காலை சோதனைப் பட்டியலை எழுதினேன். இனங்கள் பன்னிரண்டு. கடைசி இனம்: சத்தம் – இல்லை.