மகரந்தம் படிந்த படகு

எல்வி பத்தொன்பது வயதில் மரம் ஓட்டுகிறவர்களுக்குச் சமைக்க வந்தாள். வெட்டிப்போட்ட பைன் மரங்களை ஏரியில் மிதக்கவிட்டு ஆலை வரைக்கும் ஓட்டிப் போகிற ஆட்கள். முப்பது பேருக்கு ஒரே அடுப்பு. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது என்று அவர்களில் ஒருவன்தான் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். தவுனோ ஹோங்கா என்பது அவன் பெயர். ஏரிக்கரையில் தன் கையாலேயே வீடு கட்டினான். அதுவரை அடுத்தவர் கூரைக்குக் கீழேயே படுத்துப் பழகியிருந்த எல்விக்கு அதன் பிறகு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்தாறு வருடம் ஓடிவிட்டது.

இந்த மார்ச்சில், வாசல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது தவுனோ அப்படியே சாய்ந்தான். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கோணிய வாய் நேரானது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது என்றான். ஒரே மகன் ரைமோ, குவோப்பியோ நகரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்துவைத்தான்.

"அங்க லிஃப்ட் இருக்குப்பா. டாக்டரும் ரெண்டு தெரு தள்ளித்தான்."

"லிஃப்ட்டுல மீன் பிடிக்க முடியுமாடா?" என்றான் தவுனோ. "படகெடுத்து வலைக்குப் போக முடியாத நாள் வரட்டும். அன்னைக்கு நானே மூட்டை கட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

ரைமோ கையை நீட்டினான். தவுனோ இடது கையைக் கொடுத்தான்.

மே மாதம் பனிக்கட்டி உடைந்தது. காலை ஐந்து மணிக்கு வாளியோடு இறங்கிப் போவான். எட்டு மணிக்கு மீனோடு வருவான். எல்வி கழுவி, வெண்ணெயில் பொரிப்பாள்.

"கெழவா, இன்னைக்கும் வாளி நெறைய கொண்டாந்துட்டியே!"

"ஏரிக்கு என்னைத் தெரியும்டி."

ஜூன் பிறந்ததும் பைன் மரங்கள் தூளைக் கொட்ட ஆரம்பித்தன. ஜன்னல் விளிம்பு, காபிக் கோப்பை, வெளியே கழற்றிப் போட்ட செருப்பு என்று எல்லாம் மஞ்சளானது. ஏரியின் மேல் தோல் மாதிரி ஒரு படலம். கரையோரத்தில் அது பாலாடை போலத் தடித்து மடிந்து கிடந்தது. இந்தப் பத்து நாளில் ஏரியில் விரிப்பு அலசுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். ஆனாலும் சனிக்கிழமை ரைமோ வருகிறான். வீட்டு விரிப்புகளோ அழுக்கு. காற்று மஞ்சளை அந்தப் பக்கம் தள்ளியிருக்காதா என்று பார்க்க எல்வி வெள்ளிக்கிழமை மதியம் விரிப்புகளோடு கரைக்கு இறங்கினாள்.

தள்ளியிருக்கவில்லை. படகு கட்டியிருந்தது. உட்காரும் பலகை மேல் மாவு சலித்தது போல் மகரந்தம். அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை. துடுப்புகளின் பிடியிலும் அப்படித்தான். படகைச் சுற்றிப் படலம் கிழியாமல் கிடந்தது. கொட்டகைச் சுவரில் தொங்கிய வலையும் காய்ந்து, மஞ்சளாக இருந்தது.

காலையில்கூட அவன் கொண்டுவந்த மீனைத்தானே சாப்பிட்டாள்!

அப்போதுதான் அந்த மீன்கள் நினைவுக்கு வந்தன. வலையில் மாட்டிய மீனுக்குச் செவுளுக்குப் பின்னால் நூல் அறுத்த கோடு இருக்கும். எத்தனை வருடமாகக் கழுவுகிறாள்! இந்த மாதம் ஒரு மீனிலும் அந்தக் கோடு இல்லை. இவை கூடுவைத்துப் பிடித்த மீன்கள். கூடு வைக்கிறவன் ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலெர்வோ ஒருவன்தான். தினமும் காட்டுப்பாதையில் அவ்வளவு தூரம் நடந்து போய், அவனிடம் கையேந்தி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

எல்வி அப்படியே கரையில் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. மகனுக்குச் சொன்ன பொய் சரி, என்னிடமும் எதற்கு? பிறகு நாளையை நினைத்தாள். ரைமோ காரிலிருந்து இறங்கினதும் முதலில் ஏரிக்குத்தான் போவான். படகைப் பார்த்த அந்த நிமிஷமே இந்த வீடு முடிந்தது.

தவுனோ மதியத் தூக்கத்தில் இருந்தான். அவள் வாளியும் பிரஷும் எடுத்து வந்து பலகையைத் தேய்த்தாள், துடுப்புகளைக் கழுவினாள், வலையை உதறி நனைத்துத் தொங்கவிட்டாள். படகை முன்னும் பின்னும் தள்ளிப் படலத்தைக் கலைத்தாள். இடுப்பு விட்டுப்போனது.

சாயங்காலம் தவுனோ கரைக்குப் போய்விட்டு வந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"படகு சுத்தமா இருக்கு."

"மழை பெஞ்சிருக்கும்."

"மழையா? எப்போ?"

"நீ தூங்கறப்போ. உருளைக்கெழங்கு எடுத்துக்கோ."

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ரைமோ மறுநாள் பத்து மணிக்கு வந்தான். நினைத்தது போலவே நேராகக் கரைக்குத்தான் போனான்.

"அட! வழியெல்லாம் பாத்தேன், ஊர்ப் படகெல்லாம் மஞ்சக் குளிச்சு நிக்குது. நம்மது மட்டும் பளபளன்னு இருக்கு! நெஜமாவே தெனம் போறியாப்பா? நான் நம்பவே இல்ல." அவன் முகம் மலர்ந்திருந்தது, அதில் துளி வஞ்சம் இல்லை. "வாப்பா, சேர்ந்து போவோம். நீ துடுப்புப் போடு. நான் வலையப் பாத்துக்கறேன்."

"காபி ஆறிடும்டா, மொதல்ல குடி" என்றாள் எல்வி.

"வந்து குடிக்கிறோம்மா."

தவுனோ அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு படகில் ஏறி, அவள் கழுவிய பலகையில் உட்கார்ந்தான். ரைமோ கரையிலிருந்து தள்ளிவிட்டுத் தாவி ஏறினான்.

தள்ளின வேகத்தில் படகு கொஞ்ச தூரம் நேராகப் போனது. அதன் பின்னால் மஞ்சள் பிளந்து, கறுப்பாக ஒரு வழி திறந்தது. பிறகு அந்த வழி வளைந்தது. இடது கைத் துடுப்பு எழுந்து எழுந்து விழுந்தது. வலது கைத் துடுப்பு மகரந்தத்தை வெறுமனே தடவிக்கொண்டு போனது. வழி இன்னும் வளைந்து, சுற்றி வந்து, தன்னையே வெட்டியது. காற்று இல்லை. ஏரி அந்த வட்டத்தைக் கலைக்காமல் வைத்திருந்தது.

"அப்பா, விடு" என்று ரைமோ மெதுவாகச் சொன்னது கரை வரைக்கும் கேட்டது. தவுனோ விடவில்லை. இன்னொரு வட்டம் பாதி போன பிறகுதான் விட்டான்.

ரைமோ துடுப்புப் போட்டு வந்தான். வட்டத்திலிருந்து கரைக்கு ஒரு நேர்கோடு விழுந்தது. மாடி வீட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. படகைக் கட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போனான்.

தவுனோ கரையிலேயே நின்றான். முழங்கால் வரை மஞ்சள்.

"மகரந்த நாள்ல எவன் ஏரிக்குப் போவான், பத்து நாளா நானும் போகலன்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். "அவன் நம்பியிருப்பான்."

எல்வி அவன் காலில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டாள்.

"நீ படகைக் கழுவிவெச்சிட்டு மழைன்னு சொல்லிட்டியே." அதில் கோபம் இல்லை. பிறகு கேட்டான்: "அந்த மாடி வீட்டுல அடுப்பு வெறகா, கரண்டா?"

"கரண்டு."

"அப்போ கஞ்சி அடிப்பிடிக்காது."

அவள் கீழே குனிந்து, அலசாத விரிப்புகளைச் சுருட்டத் தொடங்கினாள்.