நாற்பத்தெட்டாம் ஆண்டு வெள்ளி டொலரும் நல்லதம்பி அண்ணையும்

நல்லதம்பி அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். "காலமை அக்கா, நித்திரையிலயே" என்றான். நாலு தரம் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுப்பில் பானை வற்றிக் கருகியதுகூடத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்காவிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று மூன்று வருடமாக என் நெஞ்சில் கிடந்தது. அதைச் சொல்லவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணைதான். இனி யார் தடுப்பது?

உங்களில் பலருக்கு அவர் டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தில் இருந்த மட்டக்களப்பு மனிதர். எனக்கு, காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் எதிரே நின்று பெட்டி மடித்தவர். எண்பத்து நான்கில் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தார். வரும் செலவுக்குப் பரமேஸ்வரி அக்காவின் தாலிக்கொடி கொழும்பிலேயே விலைபோனது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டுதான் அக்கா இங்கே வந்து இறங்கினார். "மனுசிட கழுத்தில ஒரு கொடியப் போட்டுட்டுத்தான் புள்ள நான் கண்ண மூடுவன்" என்று அண்ணை வாரத்துக்கு இரண்டு தரமாவது சொல்லுவார். பெட்டி மடித்துக் கொடி வாங்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் வெள்ளி டொலர். கனடாவின் ஒரு டொலர் நாணயம் அறுபத்தேழு வரைக்கும் வெள்ளியில் வந்தது, பிறகுதான் நிக்கல் ஆனது என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் வாசித்துவிட்டார். அன்று பிடித்தது சனி. சம்பளநாள் தோறும் வங்கிக்குப் போய் டொலர் நாணயச் சுருள்களாக வாங்கி வருவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக மேசையில் போட்டுக் காதைக் கொடுப்பார். நிக்கல் 'டொக்' என்னும். வெள்ளி மணிபோலப் பாடும். போர்மன் நாங்கள் சூதாடுகிறோம் என்று இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தான். வெள்ளி இல்லாததையெல்லாம் அடுத்த நாள் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்து வேறு வாங்குவார். அவர் வாசலில் தெரிந்தாலே வங்கிப் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் ஒருநாள் கூடப் போனேன். கதை உண்மைதான்.

பழைய வெள்ளி டொலரின் ஒரு பக்கம் ராசா; மறுபக்கம் தோணி, அதில் துடுப்போடு இரண்டு பேர். மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்தவர் அண்ணை; சும்மா விடுவாரா? "ரெண்டு பேர் முறிஞ்சு வலிக்கிறானுகள், ராசா மற்றப் பக்கத்தில சும்மா குந்திக்கிட்டு இருக்கார். எல்லா நாட்டிலயும் இதுதான்கா" என்பார். அவர் தேடியது நாற்பத்தெட்டாம் ஆண்டு டொலர். இந்தியா சுதந்திரம் அடைந்ததால் நாணயத்தில் இருந்த 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை எடுக்கவேண்டி வந்ததாம். புது அச்சு லண்டனிலிருந்து வரத் தாமதமானதால் அந்த வருடம் கொஞ்சம்தான் அடித்தார்களாம். "எங்கட நாட்டுக்கும் சுதந்திரம் கிடைச்சது அந்த வருசம்தான் புள்ள. அதில உருப்படியா வந்தது இந்தக் காசு மட்டும்தான்."

எண்பத்தாறு இலையுதிர்காலத்தில், நம்பினால் நம்புங்கள், அது கிடைத்தது. சாப்பாட்டு அறையில் "முருகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு போர்த்துக்கீசப் பெண்ணின் சூப் கவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் நாணயக் கண்காட்சி. அங்கே வியாபாரிகள் வாங்குவார்கள், நல்ல விலைக்குப் போனால் கொடிக்குக் காணும் என்று கணக்குப் போட்டார். என்னிடம் கார் இருந்ததால் கூட்டிப்போவது நான். அவருடைய பேரன் கண்டதையும் விழுங்குகிற வயதில் இருந்ததால் டொலரை இரண்டு நாள் வைத்திருக்கச் சொல்லி என்னிடமே தந்தார்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை, சாமி அறையைத் துப்புரவாக்கினேன். வெள்ளிக் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்து மினுக்கினேன். எங்கள் வீடுகளில் வெள்ளியை வேறு எப்படி மினுக்குவது? பக்கத்தில் அண்ணையின் டொலர் கறுத்துப்போய்க் கிடந்தது. பாவம் மனுசன், இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் யார் வாங்குவான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. ஒரு பிடி திருநீறு எடுத்து, பழைய வேட்டித் துண்டால் அரைமணி நேரம் தேய்த்தேன். ராசாவின் மூக்கு என்னமாய் மினுங்கியது!

கண்காட்சியில் வயதான வியாபாரி ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஆண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. யாரோ இதைத் தேய்த்திருக்கிறார்கள் என்றார். பழைய வெள்ளியின் கறுப்புத்தான் அதன் தோல், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் காசு கொடுப்பார்கள், தேய்த்ததை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று மெதுவாக விளக்கினார். அவர் சொன்ன விலைக்கு ஒரு சேலை வாங்கலாம், அதுவும் மலிவு விற்பனையில். அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். டொலரை அண்ணை விற்கவில்லை.

காரில் நான் விம்மி அழுதேன். வீதி தெரியவில்லை. "அழாதகா, ரோட்டப் பார்த்து ஓட்டு. பட்டினத்தார் ஆகிட்டுது காசு, திருநீறு பூசின பிறகு அதுக்கு என்னத்துக்கு விலை?" என்றார். பிறகு, "மனுசிக்கு நான்தான் தேய்ச்சன் எண்டு சொல்லுவன். நீ வாய் திறந்தா உன்னோட கதைக்கமாட்டன்" என்றார். நான் மறுத்தேன். "அவள் உன்ன ஏசினா நீ தாங்கமாட்டாய். எனக்குப் பழக்கம்."

பழக்கம்தான். அக்கா மூன்று வருடம் ஏசினார். கோயிலில், கலியாண வீட்டில், பேரனின் பிறந்தநாளில், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கதை நடக்கும். "கொடிய திருநீறு போட்டுத் தேய்ச்சே கரைச்ச மனுசன் இவர்!" என்பார். எனக்கு வடை தொண்டையில் சிக்கும். நான் வாயைத் திறக்கப் போனால் அண்ணை மேசைக்கடியில் என் காலை மிதிப்பார். பனிக்காலச் சப்பாத்தோடு மிதிப்பார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எண்பத்தேழில் பறவை போட்ட மஞ்சள் டொலர் வந்தது. அதிலும் முதலில் தோணிதான் வர இருந்ததாம். அச்சு போகிற வழியில் தொலைந்துபோனதால்தான் பறவை வந்ததாம். அண்ணைக்கு அளவில்லாத சந்தோசம். "பாத்தியா புள்ள! தோணியோட ரெண்டு ஆக்களையும் துலைச்சுட்டு வாத்த விட்டிருக்கானுகள். நீ தேய்க்கத்தானே தேய்ச்சாய், துலைக்கல்லயே!" அன்று முழுக்கப் பெட்டி மடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து 'குவாக்' என்றார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் போனபின் அக்காவோடு குசினியில் நின்றேன். கழுத்தில் அந்த மஞ்சள் கயிறும் இல்லை. என்னால் முடியவில்லை. "அக்கா, அந்தக் காசைத் தேய்ச்சது நான்" என்று அழுதுவிட்டேன்.

அக்கா கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைக்கவே இல்லை. "எனக்குத் தெரியும் புள்ள."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே. நாப்பது வருசத்தில அந்த மனுசன் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினதில்ல. அவர் இருந்து வெள்ளி மினுக்கினாராம், நான் நம்பவாம்!"

"பிறகேன் அக்கா அப்பிடி ஏசினீங்கள்?"

"ஏசாட்டி எனக்குத் தெரிஞ்சிட்டுதெண்டு அவர் கண்டுபிடிச்சிருவார். ஆசையாச் சொன்ன பொய். அதக் கெடுப்பேனா?" சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "கொடி போட்டவளுகள் எத்தன பேருக்குகா இப்பிடி ஒரு புருசன்?"

அண்ணையிடமிருந்து என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. எனக்கு விழவேண்டிய ஏச்சை மூன்று வருடம் சிரித்துக்கொண்டே வாங்கினார், அதைத்தான் வைத்திருக்கிறேன். போன கிழமை, வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு கட்டுப் பெட்டி முழுவதையும் தலைகீழாக மடித்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றாள். போர்மன் வந்து யார் இது என்று கத்தினான். நான்தான் என்றேன். நன்றாக ஏசினான்.