கேட்காமல் கொடுத்த கடதாசி: கலஹாவிலிருந்து கலகெதர வரை ஒரு நாள்

எழுதுவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தளத்தில் எல்லோரும் ஏறிய மலையையும் குளித்த ஆற்றையும் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது, விசா முகவர் நிலையத்தில் தொலைந்த பத்திரங்களைத் தேடிக் கண்டியில் அலைந்த ஒரு நாளைப் பற்றி. படங்களும் இல்லை. ஆனாலும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இதே வழியில் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவர்களுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பேராதனையில் பட்டம் முடித்தபின் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசாவுக்காகக் கண்டி நகரில் ஒரு முகவர் நிலையத்தில் மூலப் பத்திரங்களைக் கொடுத்திருந்தேன். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து கந்தோர் திறந்ததும் அழைப்பு வந்தது. "தங்கச்சி, ஒங்க ஃபைல் கொஞ்சம் மாறிப் போயிருக்கு. பதறாதீங்க. நேர்ல வாங்க."

கலஹாவிலிருந்து கண்டிக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர் அளவில் வரும். காலை 5.50 பஸ்ஸைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். அதற்கடுத்த பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவில் நிற்க வேண்டிவரும். ஒன்றேகால் மணி நேரம். பேராதனையில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் பஸ் பாதி காலியாகிவிடும். நான்கு வருடம் நானும் இறங்கிய தரிப்பிடம் அது. அன்று ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஏன் அவ்வளவு பயம் என்று சொல்ல வேண்டும். பட்டச் சான்றிதழ் போனால் பல்கலைக்கழகத்தில் பிரதி எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம் இருக்கிறது. அந்த ஃபைலில் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கி விட்டார்கள் இல்லையா? அதன்பின் விண்ணப்பித்து, விசாரணைக்கு நடையாய் நடந்து தாத்தா வாங்கிய பத்திரம். மண்ணிறக் கடதாசி, மூலையில் அவருடைய படம், பின்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். எங்கள் நான்கு வீட்டுக்கும் அது ஒன்றுதான். பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். அடையாள அட்டையா, பாஸ்போட்டா, தேவைப்படுகிறவர் காலையில் எடுத்துப் போய் விளக்கு வைப்பதற்குள் திருப்பித் தர வேண்டும். சட்டம் மாறிவிட்டது, இனி அதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

விசாவுக்கு அதை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் ஃபைலில் வைத்தேன். பிறந்ததிலிருந்து எந்தக் கந்தோருக்குப் போனாலும் அது கூட வந்தது. அது இல்லாமல் போக மனம் வரவில்லை.

முகவர் நிலையம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். அதுவரை வாவிக் கரையில் இருக்கலாம், கட்டணமில்லை. சுற்றுலா வந்தவர்கள் நீர்க்காகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விசா எடுத்து எங்கள் ஊருக்கு வந்தவர்கள். அவர்களுடைய தாத்தாவின் பத்திரத்தை யாராவது கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. சுவர் முழுக்கப் பனி விழும் பல்கலைக்கழகங்களின் படங்கள். கவுண்டரில் இருந்தவர் நம்மவர்தான். எங்களைப் போலவே இந்தியாவிலிருந்து வந்து, டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முதல் நாள் அவர் தமிழில் பேசியது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

"ஒங்க செட்டு கலகெதரயில ஒரு ஃபேமிலிக்கு மாறிப் போயிருச்சி. அவங்க ரொம்ப நல்லவங்க. நீங்க போய் எடுத்துக்கிட்டு வந்துருங்களேன்."

"நானா மிஸ்?"

"எங்ககிட்ட ஆள் இல்லயே தங்கச்சி. விசா அப்பாயின்மென்ட் ஒங்களோடதுதானே?"

வாய் திறந்து பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம். முகவரியை எழுதிக்கொண்டு படியிறங்கினேன்.

கலகெதரவுக்குக் குருநாகல் பஸ்ஸில் ஏறலாம். இருபது கிலோமீட்டர்தான்; கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். கலகெதர டவுனில் த்ரீவீலில் ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த சாரதி முந்நூறு ரூபா என்றார். மடியிலிருந்த காலி ஃபைலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விசா கேஸா தங்கச்சி? காலைல இருந்து நீங்க ரெண்டாவது ஆள். அந்தக் கந்தோர் எனக்கு நல்லா ஹயர் தருது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது ஆள் என்றது மட்டும் மனதில் தைத்தது.

அது ஒரு முஸ்லிம் குடும்பம். மகன் படிக்கப் போகிறாராம். அவருடைய தாயார் என் பத்திரங்களைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

"சரியாண்டு பாருங்க மகள். நாங்க தொடவே இல்ல."

பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கடிதம் எல்லாம் மடிப்புக்கூட விழாமல் இருந்தன. தாத்தா இல்லை.

"பழைய மண்ணிறக் கடதாசி ஒன்னு இருந்திச்சா? படம் ஒட்டினது?"

"இல்ல மகள். அப்பிடி ஒண்டு எங்களுக்கு வரல்ல. ஒங்களுக்கு முந்தி இன்னொரு புள்ளயும் வந்து அவட சேட்டிபிக்கட்ட எடுத்துட்டுப் போனா. நாங்க ஃபைல் எடுக்கப் போன அண்டைக்கு அந்த மிஸ் அஞ்சாறு பேர்ர கடதாசிய ஒரே மேசயில கொட்டிப் பிரிச்சிக்கிட்டு ஈந்தா. நானும் கண்ணால பாத்தேன். யார்ர ஃபைலுக்குள்ள பெய்த்தோ, அல்லாஹ்தான் அறிவான்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

கண்டிக்குத் திரும்பி மறுபடி மூன்று மாடி ஏறும்போது மூன்றரை மணி. முகவர் பெண் என் ரசீதை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"ஏழு டொகியுமென்ட். ஏழும் கெடச்சிருச்சே."

"எட்டாவதா ஒன்னு வச்சிருந்தேன் மிஸ். தாத்தாட பிரஜாவுரிம."

"அதக் கேக்கவே இல்லயே! கேக்காத பேப்பர ஏன் குடுத்தீங்க? லிஸ்ட்ல இல்லாதத நாங்க எப்படித் தொலச்சிருக்க முடியும்?" பிறகு பக்கத்து மேசைப் பெண்ணிடம், என் காதில் விழும்படியே, "தோட்டத்துல இருந்து வாறவங்க பெட்டியோட அள்ளிக்கிட்டு வந்துருவாங்க" என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். முகவர் பெண்ணின் வீட்டு அலுமாரியிலும் இதே மண்ணிறத்தில் ஒரு கடதாசி இருக்குமே என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினேன். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவந்தது. எழுதிய சார்ஜன்ட் "பழைய பத்திரம் ஒன்று" என்று சிங்களத்தில் முடித்துவிட்டார். சரியான பெயரைச் சொல்லித் திருத்திக் கேட்டு வாங்கினேன். அன்று நான் குரல் உயர்த்திய ஒரே இடம் அதுதான்.

ஊர் திரும்பி விஷயத்தைச் சொல்லப் போனபோது பெரியப்பா தன் வீட்டு வாசலிலேயே நின்றார். கதிரையைக்கூட இழுத்துப் போடவில்லை. அவருடைய மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுக்க இருக்கிறான். பிறப்புப் பதிவில் பெயர்ப் பிழை; அதைத் திருத்த அந்தப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒன்னோட விசாவுக்கு அதக் கேட்டாங்களா?"

"இல்ல பெரியப்பா."

"நீ போறதுக்கு அது தேவயில்ல. நாங்க இங்க இருக்கிறதுக்குத்தான் தேவ."

கூட வந்த அப்பா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார்.

விசா விண்ணப்பம் மறுநாளே போய்விட்டது. என் பயணத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் கசக்கிறது. கொழும்பில் குடிவரவுத் திணைக்களத்தில் பிரதி தருவார்கள் என்கிறார்கள். பத்திர இலக்கத்தைக் கேட்டார்கள். எங்களிடம் உள்ள போட்டோ கொப்பியில் இலக்கம் இருந்த மூலை மங்கிக் கறுத்துக் கிடக்கிறது. இலக்கமில்லாமல் தேடினால் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாதாம்.

ஆகவே போகப்போகிறவர்களுக்கு: கேட்டதை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் ரசீதில் பெயர் சொல்லி எழுதவையுங்கள். வெட்கப்படாதீர்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. பழைய பத்திரமென்றால் இரண்டு பக்கமும் படமெடுத்து, இலக்கத்தைக் கையால் வேறாக எழுதி வையுங்கள். நம்மவர் என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி நான் கேட்க வந்தது. சித்திரைக்கு முன்பின்னாகக் கண்டியில் மூன்றாம் மாடி முகவர் ஒருவரிடமிருந்து பத்திரங்களைத் திரும்ப வாங்கியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து ஃபைலை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சான்றிதழ்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மண்ணிறக் கடதாசி, தலைப்பாகை கட்டிய ஒருவரின் படம், பெயர் வீரமுத்து. உங்களுக்கு அது எதற்கும் உதவாது. தபாலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள், நானே வருகிறேன்.