கிணற்றுக்குள் லாடமூக்கு வௌவால்கள்

கள்ளிக்குப்பத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பழைய வயல் கிணறு இருந்தது. வயல் போய் வீடுகள் வந்த பிறகும் அது பாட்டுக்குக் கிடந்தது. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே கொண்டுபோக, உள்சுவரில் ஒரு சின்ன அறை குடைந்திருந்தார்கள். மோட்டாரை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அந்த அறையில் வௌவால்கள் தொங்கின.

நான் விலங்கியல் படித்தவன். அந்தப் படிப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்த வேலை, ஏதோ நாட்டில் யாருக்கோ வந்த நோய்க்கு உரிய எண்ணைத் தேடிப் போடுவது. மெடிக்கல் கோடிங். வகை பிரிப்பதே பிழைப்பாகிவிட்டதால் கிணற்று வௌவாலையும் சும்மா விட முடியவில்லை. ஒரு மாலை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கைச் சுற்றிக் குதிரை லாடம் போல ஒரு தோல் மடிப்பு. அதற்கு மேலே, கண்களுக்கு நடுவில், ஈட்டி முனையாக நிமிர்ந்த இன்னொரு மடிப்பு. அந்த முனை இல்லையென்றால் அது இலைமூக்கு வௌவால். முன்பு இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், பிறகு தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள். இது லாடமூக்குதான். சந்தோஷத்தில் இருட்டும் வரை படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்து வரைபடத்தில் இதற்கு மலைப் பக்கம்தான் வண்ணம் அடித்திருக்கும். குகை, சுரங்கம், பாழடைந்த கட்டடம் என்று இருப்பிடம் போட்டிருக்கும். எங்கள் ஊருக்கு வண்ணமே கிடையாது. குகை இல்லாத ஊரில் இவை எப்படியோ ஒரு கிணற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதை விட்டால் போக்கிடம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தேடிப் பார்த்தேன், மற்ற கிணறுகளை எல்லாம் தூர்த்தாகிவிட்டது.

குழந்தைகள் விழுந்துவிடும், கார் நிறுத்தவும் இடமில்லை என்று குடியிருப்போர் சங்கத்தில் கிணற்றை மூட முடிவு செய்தார்கள். நான் எழுந்து பேசினேன். இது பூச்சி தின்கிற வௌவால், மூக்கால் கத்தும், நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் கத்தும், அந்த எதிரொலியை வைத்தே இருட்டில் கொசு பிடிக்கும் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: இருட்டிய பிறகு, அவை இரை தேட வெளியே போனதும் மூடுங்கள். இடமில்லாமல் அலைந்தாலும் உயிரோடாவது இருக்கும்.

அடுக்குமாடி கட்ட நிலத்தைக் கொடுத்துவிட்டு அதில் இரண்டு வீடு வாங்கிக்கொண்ட அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வெளக்கு வச்ச அப்பால கெணத்து மேல கை வைப்பாங்களா தம்பி? எங்க மாமனாரு வெட்டுன கெணறு. நல்ல நேரம் பாத்து, சூடம் ஏத்தி, ஒரு கும்பிடு போட்டுத்தான் மூடணும்."

செயலாளர், மதுரைப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் நல்லவர். "விடியக்காலை நல்ல நேரம் இருக்கு சார். அப்பவும் இருட்டுத்தானே? உங்க வௌவாலும் வெளியதான இருக்கும்?" என்றார். விடிவதற்குள் முடித்துவிட்டால் சரி என்றேன்.

குறித்த நாளன்று இருட்டோடு சூடம் காட்டினார்கள். அக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நல்ல நேரத்துக்கு அடையாளமாக ஒரு சிறிய சிமெண்ட் பலகையை மட்டும் கையாலேயே தூக்கிக் கிணற்று வாயின் ஓரத்தில் வைத்தார்கள். ஆரம்பித்தாகிவிட்டது, இனி எப்போது முடித்தாலும் ஒன்றுதான் என்று எல்லோரும் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரிய பலகைகளை இறக்க வேண்டிய கிரேன் வரவில்லை. கிழக்கு வெளுத்தது. அவை திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக அந்தப் பலகையைச் சுற்றி வளைந்து உள்ளே இறங்கின. தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேன் வந்தபோது நல்ல வெயில். சாயங்காலம் வரை பொறுக்கும்படி கேட்டேன். "இத உட்டா அண்ணாத்தே, இந்த வாரம் வண்டி கெடைக்காது," என்றார் ஓட்டுநர். ஒரு சந்தாவது விடச் சொன்னேன். "கொசு வரும் சார்," என்றார் செயலாளர். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அக்காவைப் பார்த்தேன். "பாவந்தான் தம்பி," என்றார், கண்ணும் கலங்கியிருந்தது. "ஆனா கும்பிட்டு ஆரம்பிச்சத பாதில உடக் கூடாது."

பலகைகளை இறக்கி, இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினார்கள். நான் வேலைக்குப் போய் அன்றைக்கு உரிய நோய்களுக்கு எண் போட்டேன்.

மாலையில் திரும்பியதும், அவை வெளியே கிளம்புகிற நேரத்தில், கிணற்றடிக்குப் போனேன். சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. மண்டியிட்டுப் பலகையில் காதை வைத்தேன். கார் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா சார், சத்தம் எதுனா கேக்குதா?" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்று சங்கக் கூட்டத்தில் நான்தான் எல்லோருக்கும் விளக்கியிருந்தேன்.