பூசணிக்காய் மீதான விசாரணை

ஆண்டுக்கு ஒரு நாள்தான் எண்ணூர் விரைவுச்சாலை தன் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். மற்ற நாட்களில் அது சாலை அல்ல, நீளமான ஒரு காத்திருப்பு. காசிமேட்டில் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள், பின்சக்கர நிழலில் தூங்குவார்கள், செல்போனில் பெண்டாட்டியோடு சண்டை போட்டு அங்கேயே சமாதானமும் ஆகிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை மட்டும் சாலை காலி. வண்டிகள் எல்லாம் லாரி நிறுத்தும் யார்டுகளில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி நிற்கும். சாலையில் லாரிகள் இருக்காது. பூசணிக்காய்கள் இருக்கும்.

வேறு ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூஜை முடிந்ததும் வெள்ளைப் பூசணியின் மண்டையில் துளை போட்டுக் குங்குமம் கொட்டுவோம். மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றி வந்து, நடுரோட்டில் ஓங்கி உடைப்போம். வரும் ஆண்டில் அந்த வண்டிக்கு விபத்து வரக்கூடாது என்பது வேண்டுதல். அந்தச் சதையில் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் உடைக்கிறோம். விபத்தை நாங்கள் ஒழிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவன் பெயருக்கு மாற்றி எழுதுகிறோம்.

அன்று காலை மனைவி என்னை யார்டுக்கு அனுப்பியிருந்தாள். முந்தின நாள் பூஜைக்குச் சுண்டல் கொடுத்தனுப்பிய பாத்திரம் அங்கேயே தங்கிவிட்டது. அவள் தம்பி, அதாவது என் மச்சினன், அந்த யார்டில்தான் டிரெய்லர் ஓட்டுகிறான். நான் போனபோது அவன் வண்டியின் முகப்பில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். வண்டிக்கு அடியில் யார்டு நாய் படுத்திருந்தது. அதற்கும் நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். இரவெல்லாம் சுண்டல் தின்ற களைப்பில் அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அப்போதுதான் நகரத்தின் மறுகோடியிலிருந்து அந்தக் கார் வந்தது.

கார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கமலாப்பழத்தின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு நிறம், ஒரு தட்டை. இன்ஜின் முதுகில், டிக்கி மூக்கில். ஓட்டுகிறவர் உட்காருவதில்லை, கிட்டத்தட்டப் படுத்துக்கொள்கிறார். வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கூடவே கேமராவோடு ஒரு நண்பர். வடசென்னை பின்னணி வேண்டுமாம். சினிமாக்காரர்கள் வாரிக்கொண்டு போனது போக மிச்சமிருக்கும் எங்கள் துருவையும் புகையையும் இப்போது இவர்கள் வந்து சுரண்டிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு மணலி எண்ணெய் ஆலையின் புகை வருவது மூச்சில். அவர்களுக்கு அது ஒளியமைப்பு.

கார் ஒருமுறை போனது, திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தில் கன்டெய்னர் தகரங்கள் அதிர்ந்தன. அடுத்த முறை கேமராவுக்கு எதிரே வந்தபோது அதன் பின்பக்கம் அலையத் தொடங்கியது, கல்யாண மண்டபத்தில் குடித்துவிட்டு ஆடுகிறவர்களின் இடுப்பு மாதிரி. அந்த அலைச்சலின் எல்லையில் பூசணிச்சதை கிடந்தது. வால் முதலில் ஆடியதா, பூசணி முதலில் வந்ததா என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. கார் தன்னைத்தானே சுற்றிப் பார்த்துக்கொண்டது. பிறகு நிதானமாக, ஏதோ முடிவெடுத்தது போல, அலை தடுக்கப் போட்டிருக்கும் பாறைகளின் மேல் ஏறி, வங்கக் கடலை நோக்கி மூக்கை நீட்டி நின்றது.

நண்பர் கேமராவை இறக்கவே இல்லை.

இளைஞர் கதவைத் திறந்தார். அந்தக் கதவு மேல்நோக்கித் திறந்தது, சரணடைகிறவன் கை தூக்குவது போல. மோவாயில் சின்னக் கீறலோடு அவர் இறங்கி வந்து, முதலில் காரின் முன்பக்கத்தையும் அப்புறம் தன் முன்பக்கத்தையும் தடவிப் பார்த்தார். யார்டிலிருந்து தண்ணீரும் நாற்காலியும் போயின. எங்கள் ஆட்கள் அடிபட்டவனை உட்காரவைத்த பிறகுதான் கிண்டலை ஆரம்பிப்பார்கள்.

“இன்னா நைனா, மீன் புடிக்க இம்மாம் வேகமா போவணுமா? ஏலம் முட்ஞ்சி எவ்ளோ நேரம் ஆச்சு.”

“டேய் சும்மா இருடா. அவுரு பார்க்கிங் பண்ணிகீறாரு.”

ஷோரூமிலிருந்து ஒருவர் இழுவை வண்டியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கருவி. அதைக் காருக்குள் செருகினார். கார் நடந்ததையெல்லாம் அவர் காதில் ஓதிவிட்டது போலும். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“சார், டிராக்‌ஷன் கண்ட்ரோல நீங்க ஆஃப் பண்ணியிருக்கீங்க. வண்டி வழுக்காம பிடிக்கிறதே அதுதான். இது டிரைவர் மிஸ்டேக் சார்.”

இளைஞருக்குக் கோபம் வந்தது. “ஆஃப் பண்ணாத்தான் பின்னாடி ஸ்லைடு ஆகும். வீடியோக்கு அதுதான வேணும். ஆஃப் பண்ணவே கூடாதுன்னா எதுக்கு அங்க பட்டன் வச்சீங்க?”

“பட்டன் இருந்தாத்தான் சார் நீங்க வாங்குறீங்க.”

உலகத்தின் பெரிய விவாதம் ஒன்று எங்கள் ரோட்டோரத்தில் இப்படி இரண்டே வாக்கியத்தில் முடிந்துபோனது. ஆனால் முடிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கார் கோளாறா, ஓட்டியவர் கோளாறா என்று தொடர்ந்து மல்லுக்கட்டினார்கள். எங்கள் ஆட்கள் டீ வாங்கிவந்து நின்று கேட்டார்கள்.

“எங்க வண்டில ஆஃப் பண்றதுக்கு ஒண்ணுமே கெடியாது சார்,” என்றான் மச்சினன். “எல்லாம் தானாவே ஆஃப் ஆயிரும்.”

எங்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. போன மழைக்காலத்தில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் மொபெட்டோடு ஒரு பள்ளத்தில் சரிந்து டிரெய்லரின் சக்கரத்துக்குள் போனார். துணி மூட்டையை அவிழ்த்து யார் வீட்டுச் சட்டை எது என்று நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தபோதே அறிக்கை எழுதி முடிந்திருந்தது. அதிவேகம், அஜாக்கிரதை. மொபெட்டின் வடிவமைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளத்தின் வடிவமைப்பைப் பற்றியும் பேசவில்லை. வடிவமைப்பு என்ற சொல்லுக்கு ஒரு குறைந்தபட்ச விலை இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு அது பொருந்தாது.

எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். பண்டிகை விடுமுறையில் எழுப்பிவிட்ட எரிச்சல் அவர் மீசையில் தெரிந்தது. இரண்டு தரப்பையும் கேட்டார். பிறகு கீழே பார்த்தார். ஷூவில் ஒட்டிய சிவப்புச் சதையைத் தரையில் தேய்த்தார்.

“பூசணிக்கா யாருது?”

கூட்டம் சட்டென்று கடலைப் பார்க்க ஆரம்பித்தது. ஷோரூம்காரரும் இளைஞரும் அன்றைக்கு முதல்முறையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரு பொது எதிரி கிடைத்துவிட்டான்.

என் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. செய்தி வீட்டுக்கு எனக்கு முன்பே போய்விட்டது.

“இன்னாங்க, அவன் வாய கொஞ்சம் பொத்தி வைங்க. கேஸு கீஸுன்னு அவன் பேரு ஏறிச்சின்னா துறைமுகத்துப் பாஸப் புடுங்கிக்குவாங்க. பாஸ் இல்லாத டிரைவர எந்த யார்டுல சேத்துக்குவான்? ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு அவன் இன்னா பண்ணுவான், உங்கள மாதிரி கத எய்திகினு குந்துவானா?”

மச்சினனின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

“எனக்குத் தெரியாதா மாமா. பாஸு மேட்டரு. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கப் போறேன்.”

எஸ்.ஐ. மறுபடியும் கேட்டார். அந்த வரிசையில் ஏழெட்டு யார்டுகள். எல்லோரும் உடைத்திருந்தார்கள். எது யாருடையது என்று பூசணிக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சட்டம் தானாக வெயிலுக்கு ஒதுங்கிப் போய்விடும். அப்போது பக்கத்து யார்டின் மேஸ்திரி, யாரையோ காப்பாற்றுகிற நினைப்பில், “அது எங்களுதா இருக்கும் சார்,” என்று இழுத்தார்.

மச்சினன் பொறுக்கவில்லை.

“இன்னாது உங்களுதா? நீங்க ஒடச்சது தேங்கா சைஸு. சார், நல்லாப் பாருங்க. இம்மாம் சதை, இம்மாம் வெதை. இது என்னுது. தண்டையார்பேட்டை மார்க்கெட்ல நானே தட்டித் தட்டிப் பாத்து எடுத்தாந்தேன். ரெண்டு பேரு தூக்குனோம்.”

நான் அவன் இடுப்பைக் கிள்ளினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

“போன வருசம் சின்னது ஒடச்சேன் சார். மணலி ரவுண்டானாண்ட டேங்கர் வந்து பின்னாடி செருகிச்சு. அதான் இந்த வாட்டி பெருசு. பாத்தீங்களா சார், எனக்கு வர வேண்டியது. எப்டி தூக்கி அந்தாண்ட வச்சிது பாருங்க.” பாறை மேலிருந்த காரை, மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் காட்டுவது போல, கை நீட்டிக் காட்டினான்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களை எஸ்.ஐ. நிறையப் பார்த்திருப்பார். அதற்கு உரிமை கொண்டாடுகிறவனைப் பார்த்திருக்க மாட்டார்.

“பேரு சொல்லுய்யா,” என்று பேனாவைத் திறந்தார்.

வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். சுண்டல் பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி, “சார், ஒரு நிமிஷம்,” என்றேன். பேசுவதற்கு ஒன்றுமே இல்லாமல் நான் வாயைத் திறந்த தருணங்களில் அதுவும் ஒன்று.

காப்பாற்றியது வேறொருவர். எஸ்.ஐ. எழுதுவதை எட்டிப் பார்த்த ஷோரூம்காரரின் முகம் வெளிறியது.

“சார், பூசணிக்காய்ன்னா எழுதுறீங்க?”

“வேற என்ன எழுத? நீங்க ரெண்டு பேரும் அதத்தான சொல்றீங்க.”

“பேப்பர்ல வந்தா என்ன ஆகும் சார். பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டி. ஒரு காய்கறியில வழுக்கிச்சின்னு எழுதினா அடுத்த வண்டிய யாருக்கு விப்போம்?”

இளைஞரும் விழித்துக்கொண்டார். “ஆமா சார். நான் பூசணிக்கால விழுந்தேன்னு தெரிஞ்சா ஃபாலோயர்ஸ் என்னைச் சாம்பார் வச்சிருவாங்க.”

“அப்ப என்னதான்யா காரணம்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கௌரவமான காரணம் ஒன்று தேவைப்பட்டது. காரையும் குறை சொல்லக்கூடாது, ஓட்டியவரையும் குறை சொல்லக்கூடாது, பழியைச் சுமக்கிறவனுக்கு வக்கீலும் இருக்கக்கூடாது.

“நாய்,” என்றார் இளைஞர். “குறுக்க வந்துச்சு. அதக் காப்பாத்தத்தான் ஸ்டீயரிங்க ஒடிச்சேன்.”

“கரெக்ட் சார், நாய்,” என்றார் ஷோரூம்காரர்.

“என்ன கலர்?”

“பிரவுன்,” என்றார் ஒருவர். “கறுப்பு,” என்றார் மற்றவர். ஒரே நேரத்தில்.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். நிறம் தெரியவில்லை என்று எழுதியிருப்பார் என நினைக்கிறேன். பூசணிக்காய் இருந்த வரி அடிக்கப்பட்டது. மச்சினனின் பெயர் முதல் எழுத்தோடு நின்றுபோனது.

எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது, அவனைத் தவிர. “நாயா? இன்னா சார் இது அநியாயமா கீது. நாயி வண்டிக்கடில தூங்கிகினு கீது, நீங்களே பாருங்க,” என்று அவன் முன்னே பாய்ந்தான். நாலு பேர் சேர்ந்து அவனை யார்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினோம். சாயங்காலம் வரை என்னோடு அவன் பேசவில்லை. பாஸ் தப்பியது என்று அவன் அக்கா சாமிக்கு விளக்கேற்றினாள். அவனோ தன் பூசணியின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அந்த வீடியோவை நான் பிறகு பார்த்தேன். பின்னணியில் எங்கள் கன்டெய்னர்கள், எங்கள் கடல், இறுக்கமான இசை. பூசணி வரும் இடத்தை வெட்டியிருந்தார்கள். கட்டுப்போட்ட மோவாயோடு அந்த இளைஞர் கேமராவைப் பார்த்து, ஒரு வாயில்லாத ஜீவனுக்காகத் தன் காரைத் தியாகம் செய்ததாகச் சொன்னார். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். அவற்றுக்கு நடுவே, அந்தச் சாலையில் நாய்களை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். சிலர் கேட்டதோடு நிற்காமல் புகாரும் கொடுத்தார்கள். பள்ளத்தை மூட வராத மாநகராட்சி வண்டி நாய்க்கு வந்தது. அடுத்த வாரமே நாய் பிடிக்கிறவர்கள் வலையோடு யார்டு வாசலில் இறங்கினார்கள்.

நான் அப்போது மச்சினனின் கேபினில் உட்கார்ந்திருந்தேன். வரிசை நகர்ந்தால் ராயபுரம் பக்கம் என்னை இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

“இங்க ஒரு நாய் இருக்காமே?” என்றார் வந்தவர்களில் ஒருவர், ஜன்னலைத் தட்டி.

பூசணிக்காக உண்மையைச் சொல்லிப் பிழைப்பையே பணயம் வைத்தவன், இப்போது கண்ணிமைக்காமல் சொன்னான்: “நாயா? இந்த யார்டுல எந்தக் காலத்துலயும் நாயே கெடியாது சார். பூன ஒண்ணு இருந்திச்சு, அதுவும் காசிமேட்டுக்குப் பூட்ச்சு.”

அவர்கள் போனதும் கியரைப் போட்டான். வரிசை ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கேட்டுக்கு முன்னால் நான் இறங்கிக்கொண்டேன். காவலாளி கை நீட்டினான். மச்சினன் பாஸைக் காட்டினான். காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகத்தோடு ஒப்பிட்டான், போகச் சொன்னான். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில், போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை. டிரெய்லர் துறைமுகத்துக்குள் திரும்பும்போது போர்வையின் ஓரம் விலகி, ஜன்னல் வழியே ஒரு காது விடைத்துத் தெரிந்தது. நெற்றியில் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.