எனக்குத் திருப்பிச் சொல்லுங்கண்ணே

ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். ஆபீசில் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் போன் செய்தார். "போயிட்டாம்மா" என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் என்னடி அவசரம் உனக்கு!

மதுரை கே.கே. நகர் ஆடிட்டர் ஆபீசில் நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். இருவரும் பி.காம். கல்லூரியில் முதல் மார்க் வாங்கிய திமிரில் நான் கிளையண்டுகளிடம் பாடப்புத்தகத்தை ஒப்பித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஸ்டெல்லா அப்படிக் கேட்கவே மாட்டாள் என்பது அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். "நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கண்ணே" என்பாள். மதுரைக்காரர்களுக்கு இது லேசில் பிடிக்குமா? "ஏம்மா, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று ஒருவர் எகிறினார். "இல்லண்ணே, பரீட்சை எனக்குத்தான். நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பாக்கணும்ல" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

அதையே என் வீட்டு ஆட்களிடமும் கேட்டாள், வந்தது வினை. என் அண்ணன் டைல்ஸ் கடை போட இருந்தான். மதினியைப் பார்ட்னராகச் சேர்த்துப் பத்திரமும் தயார். எங்கள் ஆபீசில் வைத்து, "சும்மா ஒரு கையெழுத்துத்தேன்" என்று மதினியிடம் பேனாவை நீட்டினான். பார்ட்னர் என்றால் என்னென்ன பொறுப்பு என்று ஸ்டெல்லா நிதானமாக விளக்கிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

மதினி யோசித்து யோசித்துச் சொன்னார். "கடை நொடிச்சுப்போனா, எங்கப்பா எனக்குக் குடுத்த திருநகர் வீட்டுக்கும் ஆபத்து. அப்படித்தான?"

"அப்படித்தான்க்கா."

மதினி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அண்ணன் குதித்த குதி இருக்கிறதே! "எங்க குடும்பத்துக்குள்ள பேச இவுக யாரு?" என்று கத்தினான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளோ டிபன் பாக்ஸைத் திறந்து, "மூஞ்சிய அப்புறம் தூக்கலாம், முதல்ல சாப்பிடு" என்றாள். அண்ணன் கடையைத் தன் பேரில் மட்டும் போட்டான். சில வருடங்களில் அது படுத்துவிட்டது.

இன்று பி.காம் முடித்து வரும் பிள்ளைகள் சாப்ட்வேரில் என்னைவிடக் கெட்டி. நல்லதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையாட்டினால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். "திருப்பிச் சொல்லச் சொல்லு கண்ணு" என்று அவர்களை நச்சரிக்கிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

அடக்கத்துக்கு அண்ணனும் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஸ்டெல்லாவின் கணவர், "நீங்க யாருன்னு தெரியலையே?" என்று கேட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க வீட்டம்மா காப்பாத்திக் குடுத்த வீட்லதாங்க நான் குடியிருக்கேன்."