ஏதோ ஒரு மருந்து

நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பதிவறையில் நான் வேலை செய்கிறேன். டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் கோப்புகள் என் மேசைக்கு வரும். டொக்டர் எழுதியதை வாசித்து, அதற்குரிய குறியீட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆகாத மருந்துகளுக்கும் குறியீடுகள் உண்டு. இசட் 88.0 என்றால் பென்சிலின் ஆகாது. 88.2 என்றால் சல்பா. எந்த மருந்தென்று எழுதப்படாவிட்டால் 88.9, ஏதோ ஒரு மருந்து. யாருக்கும் உதவாத எண் அது.

என் அக்கா, நான் கூப்பிடுவது லாத்தா என்று, கரைத்தீவில் இருக்கிறார். யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களைப் போல மன்னாரிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்டு வந்த பிறகு, அபாயா தைத்துத் தைத்து என்னைப் படிப்பித்தவர். ஒருமுறை இருமலுக்குக் கொடுத்த சல்பா குளிசை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் சிவந்து, உதடு கொப்புளித்து எங்கள் ஆஸ்பத்திரி வாட்டிலேயே கிடந்தார். குளிசையை நிறுத்தியதும் சுகமானார்.

கோப்பில் "மருந்து ஒவ்வாமை" என்று மட்டும் டொக்டர் எழுதியிருந்தார். நான் 88.2 போட்டேன். பொறுப்பாளர் மிஸ் அதை 88.9 ஆக மாற்றினார்.

"டொக்டர் எழுதினதத்தான் போடலாம். உங்களுக்குத் தெரிஞ்சத போட ஏலா."

"அது என்ட லாத்தா, மிஸ். குடிச்ச குளிசை என்னண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப டொக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

சட்டம் அவர் சொன்னதுதான். டொக்டரிடம் போனேன். "அலர்ஜி எண்டு எழுதியிருக்குத்தானே, அது போதும்" என்றார், தலையை நிமிர்த்தாமல். மறுபடியும் போனேன், பிறகு பார்ப்போம் என்றார். அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி லாத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதை அலுமாரிக்குள் பத்திரப்படுத்தினார்.

போன வருடம் நான் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்த நேரம், லாத்தாவுக்குச் சிறுநீரில் கிருமி, கடும் காய்ச்சல். அவர் கணவரான மச்சான் த்ரீவீலில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் புதிய டொக்டர். திரையில் மருந்து ஒவ்வாமை என்று சிவப்பில் வந்ததும், என்ன மருந்து என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்.

"தங்கச்சி இங்கதான் வேலை, எல்லாம் கொம்பியூட்டர்ல இருக்கும் எண்டு சொன்னன்" என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். அட்டையை அவர்கள் எடுத்துப் போகவில்லை.

பென்சிலினாகத்தான் இருக்கும் என்று அந்த டொக்டர் நினைத்தார். இதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். ஆகவே பென்சிலினைத் தவிர்த்து, சல்பா எழுதினார்.

இந்த முறை தோல் உரிந்தது. கண்ணுக்குள்ளும் புண். கொழும்புக்கு மாற்றினார்கள். உயிர் தப்பியது. ஆனால் கருவிழிகளில் தழும்பு விழுந்துவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான்.

லாத்தா எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் கோப்பு பிறகு என் மேசைக்கு வந்தது. மருந்தின் முழுப்பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது. 88.2 ஏற்றினேன். மிஸ் எட்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரைத் திட்டக்கூட வழியில்லாததுதான் என் கோபம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது லாத்தா கேட்டார்:

"இப்ப மருந்துட பேர் ஏறிட்டா?"

"ஓம் லாத்தா."

"இனி எனக்கென்னத்துக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது 88.9 போட வேண்டிய கோப்பு வந்தால், நானே நோயாளியின் வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன், பிறகு டொக்டரின் கதவடியில் போய் நிற்கிறேன். என்னைக் கண்டாலே அவர்களுக்கு எரிச்சல். போன கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டார். "கோப்பு தேங்குது. இப்படிச் செஞ்சா உங்கள வெச்சிருக்க ஏலா." தலையாட்டிவிட்டு மேசைக்கு வந்தேன். தையல் நின்றுபோன லாத்தாவின் வீட்டிலும் இப்போது என் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது.